புதுப்பிப்பு: பொட்கோரிட்சா – கொலாஷின், ரயிலிலேயே போய்வந்தேன்

மான்டனீக்ரோவில் பொட்கோரிட்சாவிலிருந்து கொலாஷினுக்கு ரயிலா பஸ்ஸா என்று கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ரயில்தான். "இணையத்தில் தேடாதீர்கள், நேரே ஸ்டேஷன் கவுன்ட்டருக்குப் போங்கள், இடப்பக்கம் உட்காருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. டிக்கெட் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது, மொராச்சா பள்ளத்தாக்கும் இடப்பக்கம்தான். பார் என்ற துறைமுக ஊரிலிருந்து செர்பியாவின் பெல்கிரேட் வரை போகும், 1976இல் திறந்த பாதை இது, மொத்தம் 476 கி.மீ., 254 சுரங்கங்கள்.

எதிர்பாராதது என்றால் வழியில் வரும் மாலா ரியெக்கா ரயில் பாலம். 198 மீட்டர் உயரமாம், ஆனால் உள்ளே இருப்பவருக்குப் பாலமே தெரியாது, ஜன்னலுக்குக் கீழே சட்டென்று தரை காணாமல் போகும், அவ்வளவுதான். போனை எடுப்பதற்குள் அடுத்த சுரங்கம். அப்புறம், வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.