தெசலி வரைபடத்துக்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கிரேக்கத்தின் தெசலி பற்றித் தமிழில் ஒரு வரைபடம் வரைந்துகொண்டிருக்கிறேன். நில அமைப்பில் குழப்பம் இல்லை. மேற்கே பிண்டஸ் மலைத்தொடர், வடக்கே ஒலிம்பஸ் மலை, கிழக்கே ஓசா, பீலியன் மலைகள், நடுவே பெரிய சமவெளி. அதன் தண்ணீரை பினியோஸ் ஆறு டெம்பி பள்ளத்தாக்கு வழியாக ஏஜியன் கடலில் சேர்க்கிறது.

நிர்வாகப் பெயர்கள்தான் படுத்துகின்றன. பழைய தெசலியின் நான்கு பகுதிகளில் ஒன்று ஃப்தியோட்டிஸ், ட்ரோஜன் போர்க் கதையின் வீரன் அகிலீஸின் நாடு. இன்று அதே பெயரில், லாமியாவைத் தலைநகராகக் கொண்ட பகுதி தெசலியிலேயே இல்லை, மத்திய கிரேக்கத்தில் இருக்கிறது! பழைய ஃப்தியோட்டிஸில் இருந்த ஃபார்சலஸ் ஊரோ இன்று தெசலியின் லரிசா பகுதியின் கீழ் வருகிறது. அந்த எல்லைக்கோட்டை அழித்து அழித்துத் தாளே நைந்துவிட்டது.

அப்புறம், 2011இல் ‘நோமோஸ்’ என்ற நிர்வாகப் பிரிவை எடுத்துவிட்டார்கள். அதை ‘மாவட்டம்’ என எழுதிவிடலாம். இப்போது ‘பெரிஃபெரியா’வுக்கும் (தெசலி போன்ற மண்டலம்) ‘திமோஸ்’க்கும் (நகராட்சி போன்ற உள்ளாட்சி) இடையில் உள்ள அடுக்குக்கு என்ன எழுதுவது? தெசலியில் அப்படி ஐந்து: லரிசா, மக்னீசியா, ஸ்போரடீஸ், கார்டிட்சா, த்ரிகலா. ‘மண்டல அலகு’ என்றால் ஏதோ அளவைக் கணக்கு போல ஒலிக்கிறது. ‘உட்பகுதி’ சரிவருமா? மொழிபெயர்ப்பில் பழக்கமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.