பெருந்தொற்றில் பொறுப்பு யாருடையது: அரசா, மக்களா?

முக்கூடல் வாசகர் (கேள்வி):
ஊர் நூலகத்தில் இதைப் பற்றிப் பேச இருப்பதால் கேட்கிறேன். 2020 மார்ச் 24 இரவு கொரோனா ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது அம்மாவின் சுளகில் பாதி பீடி சுற்றப்படாமல் கிடந்தது; இலையும் தூளும் தரும் கடை மறுநாள் திறக்கவில்லை. அரசு தந்த 1000 ரூபாயையும் ரேஷன் அரிசியையும் வைத்துக்கொண்டு அம்மா வாசலைத் தாண்டாமல் இருந்தார். அந்த ஆகஸ்டிலோ, காய்ச்சலை மறைத்துத் துக்க வீட்டுக்குப் போன ஒருவரால் எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் நோய் பரவியது. யாரைக் குறை சொல்வது?

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, காய்ச்சலை ஏன் மறைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். நோய் கண்ட வீட்டு வாசலில் தகரம் அடித்ததைப் பார்த்தவர்கள் எங்களைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். ஒரு பாட்டி கதவுக்குப் பின்னால் நின்று, "தகரம் அடிக்க மாட்டோம்னு சொல்லு, பேரனைக் காட்டுறேன்" என்றார். பேரனின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டியபோது, ஆபத்தான அளவாக 88 காட்டியது. ஒரு நாள் கழித்துக் கதவு திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அச்சத்தை அரசு உண்டாக்கிவிட்டு, மறைத்ததற்காக மக்களை மட்டும் ஏசுவது நியாயமில்லை.

வள்ளியூர் வாசகர்:
அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுமையாக ஏற்க முடியவில்லை. 2021இல் ஆக்சிஜனுக்கு நாடே தவித்தபோது, எங்கள் பக்கத்து மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலிருந்து திரவ ஆக்சிஜன் மருத்துவமனைகளுக்குப் போனது. அது அரசால் மட்டுமே ஆகிற காரியம். கல்யாணப் பந்தியில் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, 200 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து காவலரைக் கண்டதும் மேலே ஏற்றியவர்களை எந்த அரசு திருத்தும்? அங்கே அச்சம் இல்லை, அலட்சியம்தான் இருந்தது.

தென்காசி, வழக்கறிஞர்:
சட்டத்தையும் பாருங்கள். 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் அரசுக்கு அதிகாரத்தையும், மீறுகிற மக்களுக்குத் தண்டனையையும், நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரிகளுக்குப் பாதுகாப்பையும் தருகிறது. மக்களுக்கு அரசு என்ன செய்து தர வேண்டும் என்று அதில் இல்லை. பொதுச் சுகாதாரத்தை அரசின் தலையாய கடமைகளுள் ஒன்றாகச் சொல்லும் அரசியலமைப்பின் 47ஆம் பிரிவோ, நீதிமன்றத்தில் நேரடியாக வலியுறுத்த முடியாத நெறிமுறைகளில் ஒன்று. இந்தச் சாய்வின் விலையை 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கண்டோம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் காவலர்கள் அழைத்துச் சென்ற தந்தையும், அவரைத் தேடிக் காவல் நிலையத்துக்குப் போன மகனும் உயிரோடு திரும்பவில்லை. தவறிய குடிமகனுக்குத் தண்டனை உடனே வருகிறது. தவறிய நிர்வாகத்தைக் கேள்வி கேட்கவே ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இரண்டு பொறுப்புகளையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

முக்கூடல் வாசகர்:
மூவருக்கும் நன்றி. அம்மாவிடம் மீண்டும் விசாரித்தேன். காய்ச்சலை மறைத்துப் போனவருக்கு அது உடன்பிறந்த அக்காளின் சாவு. இருபது பேர் வரலாம் என்ற விதிக்குள்தான் அவரும் போயிருக்கிறார். வாசலில் நின்றவர் தலைகளை எண்ணினாராம்; காய்ச்சல் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நூலகத்தில் அந்த வாசலிலிருந்தே தொடங்கப் போகிறேன்.