கூடாரப் பண்டிகையில யூதர் வீட்டுல உக்காந்து சாப்பிட்டவங்க இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

நாரோயில்காரி

நானே ஆரம்பிக்கிறேன். இஸ்ரேல்ல பினேய் பிராக்னு ஒரு ஊர்ல ஒரு பாட்டிய பாத்துக்கிட்டு இருந்தேன், 86 வயசு, தாத்தா தவறி வர்ற முதல் பண்டிகை. யோம் கிப்பூர்ங்கிற விரத நாள் அன்னைக்கு 25 மணி நேரம் பச்சத்தண்ணி கூட குடிக்காம அழுதுக்கிட்டே இருந்தாங்க. நட்சத்திரம் வந்து விரதம் முடிச்சு ஒரு டம்ளர் டீ குடிச்ச கையோட "பலகைய எடுத்துட்டு வா"ங்கிறாங்க. தெரு பூரா சுத்தியல் சத்தம். நடுவுல நாலே நாள், அப்புறம் சுக்கோத், அதான் இந்தக் கூடாரப் பண்டிகை, வந்துருது, அதான் அன்னைக்கு ராத்திரியே கட்ட ஆரம்பிச்சிடுவாங்க. அந்த ஊர்ல நெறய கட்டடத்துல பால்கனிய ஒண்ணுக்கு நேர் மேல ஒண்ணு வராம தள்ளித்தள்ளிதான் கட்டியிருப்பாங்க, கூடாரத்துக்கு மேல வானம் தெரியணும்ல.

முதல் ஆணிய தாத்தாதான் அடிப்பாராம். பாட்டி தானே அடிக்கணும்னு நின்னாங்க, கை நடுங்குது, ஆணிய நான் புடிச்சுக்கிட்டேன். மூணாவது அடியில இறங்குச்சு. தாத்தா போனப்புறம் அவங்க சிரிச்சு அப்பதான் பாத்தேன்.

பண்டிகை ராத்திரி சூப் வச்சுட்டு நான் கதவோரம் நின்னேன். "உக்காரு, நீ நின்னா இது கூடாரம் இல்ல, வெறும் பலகை"ன்னாங்க. பைபிள்ல உபாகமம் 16ல வருமே, மகன் மகள் வேலைக்காரன் அந்நியன் திக்கற்றவன் விதவை எல்லாரும் சேந்து சந்தோஷப்படணும்னு, நான் சண்டே ஸ்கூல்ல படிச்சதுதான். பாட்டி விரல் விட்டு எண்ணுனாங்க, "விதவை நான், அந்நியள் நீ, ரெண்டு பேரும் அதுல இருக்கோம், ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாகணும், இது நம்ம கடமை." சந்தோஷத்தக் கடமையா யாராச்சும் சொல்லி நான் கேட்டதே இல்ல. அஞ்சு வருஷம் ஆச்சு, பாட்டியும் இப்ப இல்ல, அந்த விரல் எண்ணுனது மட்டும் கண்ணுலயே நிக்குது.

எடிசன் ராஜா

அக்கா படிச்சுட்டு கண்ணு கலங்கிருச்சு. நான் நியூஜெர்சி, பக்கத்து வீட்டுக்காரர் வருஷா வருஷம் கூப்பிடுவார். ஒரு வருஷம் சாப்பிட ஆரம்பிச்சதும் மழை கொட்டுது, கூரையில மூங்கில் பாய்தான், தட்டுல தண்ணி. நான் விருந்தாளியாச்சே, எந்திரிக்கக் கூடாதுன்னு நனைஞ்சுக்கிட்டே இருக்கேன், அவர் சட்டுனு எழுந்து "எல்லாரும் உள்ள"ன்னுட்டார். கஷ்டப்பட்டுக்கிட்டு கூடாரத்துல உக்காரத் தேவையில்லன்னு அவங்க சட்டத்துலயே இருக்காம். எஜமானுக்குக் கிண்ணத்துல ஊத்திக் குடுக்கப் போன வேலைக்காரன் மூஞ்சியில எஜமானே குடத்தக் கவுத்துன மாதிரின்னு மிஷ்னாங்கிற பழைய யூத சட்ட நூல்ல மழையச் சொல்லியிருக்குன்னார். சொல்லும்போது அவர் முகம் நெசமாவே வாடிப்போச்சு. உள்ள போயும் ஜன்னல் வழியா கூடாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தார், அதான் எனக்கு மறக்கல. மத்தபடி நம்ம பொங்கல் மாதிரிதான், அறுவடை விழா.

ரெஹோவோத் தம்பி

ராஜா அண்ணே, பொங்கல் மாதிரின்னு முடிச்சுடாதீங்க. அறுவடை உண்டு, ஆனா எகிப்துலேர்ந்து வந்து 40 வருஷம் வனாந்தரத்துல அலைஞ்ச ஞாபகமும் அதுலதான் இருக்கு. களஞ்சியம் நெறஞ்சு வீட்டுல நிம்மதியா இருக்க வேண்டிய நேரத்துல வீட்ட விட்டு ஓலைக்கூரைக்கு அடியில ஏழு நாள் போய் உக்காருறாங்க பாருங்க, அதுதான் விஷயம். அந்த வாரத்து சனிக்கிழமை நெறய ஜெபாலயத்துல படிக்கிறது பைபிள்ல வர்ற பிரசங்கி புத்தகம், "மாயை, மாயை, எல்லாம் மாயை". சந்தோஷத்தோட காலம்னே பேர் வச்ச பண்டிகையில அதப் படிக்கிறாங்க.

என் கதை சின்னது. பண்டிகைச் சடங்குக்கு எத்ரோக்ங்கிற பழம் வாங்க எங்க லேப்ல ஒருத்தர் கூட சந்தைக்குப் போனேன், நம்ம நார்த்தங்காய்க்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும், மணம் தூக்கும். ஆளாளுக்கு பூதக்கண்ணாடிய வச்சுக்கிட்டு தோல்ல புள்ளி இருக்கான்னு தேடுறாங்க. நான் ஒண்ண எடுத்துத் திருப்பினேன், நுனிக்காம்பு பட்டுனு ஒடிஞ்சுருச்சு. அது ஒடிஞ்சா முதல் நாள் சடங்குக்கு ஆகாது. கடைக்காரர் ஒரு வார்த்த திட்டல, காச வாங்க மாட்டேன்னுட்டார், எனக்குத்தான் இன்னைக்கும் உறுத்துது.

இனி போறவங்களுக்குச் சொல்றேன். வீட்டுல சமைச்சத எடுத்துட்டுப் போகாதீங்க, கோஷர்ங்கிற யூத உணவு விதி பாக்குறவங்களால தொட முடியாது, சங்கடப்படுவாங்க. ஒயினும் வேண்டாம், கேட்டுட்டு வாங்குங்க. முதல் நாள் அவங்க சனிக்கிழமை ஓய்வு நாள் மாதிரி, இஸ்ரேலுக்கு வெளிய ரெண்டு நாள், அப்ப போன் எடுக்காதீங்க, போட்டோ வேண்டாம், காலிங்பெல் கூட அடிக்காம கதவத் தட்டுங்க. நடு நாள்ல இவ்வளவு கெடுபிடி இல்ல. சடங்குக்கு வச்சிருக்கிற பேரீச்சங்குருத்து, எத்ரோக், மிர்ட்டில் கிளை, வில்லோ கிளை நாலையும் கையில குடுத்தா மெதுவா வாங்குங்க, எத்ரோக்க நுனியில புடிக்காதீங்க, என் கதைய நெனச்சுக்குங்க. ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் முக்கியம்.

பொள்ளாச்சி சிவா

தம்பி, அக்கா அட்வைஸா கேட்டாங்க? அனுபவம்தானே கேட்டாங்க.

நான் தெற்கு இஸ்ரேல்ல நெகேவ் பாலைவனத்துல நெவாதிம் போயிருந்தேன், 1954ல கொச்சி யூதர்கள் வந்து குடியேறுன ஊர். பண்டிகை நடு நாள், கூடாரத்துல ஒரு அம்மச்சி. நான் பொள்ளாச்சின்னதும் கையப் புடிச்சுக்கிட்டு மலையாளத்துல பேச ஆரம்பிச்சுட்டாங்க, பேரப்பிள்ளைங்களுக்கு ஹீப்ரு மட்டும்தான் தெரியும், பாவம் பேச ஆளில்ல. அப்புறம் உள்ள போய் ஒரு பழைய நோட்டு எடுத்துட்டு வந்தாங்க, கொச்சியில பொம்பளைங்க பண்டிகைக்குப் பாடுற பாட்டெல்லாம் கையால எழுதுனது, ஓரமெல்லாம் கருகருன்னு தேஞ்சு போயிருக்கு. எனக்கு மலையாளம் வாசிக்க வராது, அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல. நோட்ட மடியில விரிச்சு வச்சுக்கிட்டு பாக்காமலே பாடுனாங்க. எனக்கு பாதிக்கு மேல புரிஞ்சுது. பாடி முடிச்சுட்டு பேத்திக்கு ஹீப்ருல என்னமோ சொன்னாங்க, அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து இங்கிலீஷ்ல கேட்டுச்சு, "பாட்டி என்ன பாடுனாங்கன்னு எனக்குச் சொல்றீங்களா?"