ரிங் வைத்தும் கார்னியா தட்டையாகவில்லை, மாடலில் எங்கே தப்பு?

தண்டையார்பேட்டை மாணவன்:
வணக்கம். கெரட்டோகோனஸ் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலமான கார்னியா மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கோளாறு) வந்த கார்னியாவில், அதைத் தட்டையாக்கும் ரிங் பொருத்தினால் வளைவு எவ்வளவு மாறும் என்று ஃபைனைட் எலிமென்ட் மாடல் (வடிவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கம்ப்யூட்டர் மாடல்) போட்டிருக்கிறேன். ஸ்கேனில் வந்த வடிவத்தையே மெஷ் (துண்டுகளின் வலை) ஆக்கி, ஓரத்தை அசையாமல் பிடித்து, உள்ளிருந்து 15 மி.மீ. பாதரச அழுத்தம் கொடுத்தேன். ரிங் கார்னியாவின் தடிமனில் 75 சதவீத ஆழத்தில். ஸ்கேனில் நடு ஆரம் 6.5 மி.மீ., அதாவது 51.9 டயாப்டர் (ஒளியை வளைக்கும் திறன்; வளைவு கூடினால் இதுவும் கூடும்). ரிங் வைத்தால் குறைய வேண்டியது, 53-ஐத் தாண்டுகிறது. என் தங்கைக்கே இந்தக் கோளாறு இருக்கிறது. மூன்று வாரமாகத் தூக்கமில்லை.

பெரம்பூர் அக்கா:
தம்பி, யூனிட் சரிதானா? நீளம் மி.மீ.யிலும் விறைப்பு மெகாபாஸ்கலிலும் இருந்தால் அழுத்தம் 0.002.

தண்டையார்பேட்டை மாணவன்:
அதேதான் அக்கா.

பெரம்பூர் அக்கா:
அப்போ ரிங்கை எடுத்துவிட்டு அழுத்தத்தை மட்டும் ஏற்றுங்கள். ஸ்கேன் வடிவம் அப்படியே வர வேண்டும்.

தண்டையார்பேட்டை மாணவன்:
வரவில்லை. உச்சி 0.3 மி.மீ. முன்னால் தள்ளுகிறது.

பெரம்பூர் அக்கா:
பிடித்துவிட்டோம். ஸ்கேன் எடுக்கும்போதே கண்ணுக்குள் அழுத்தம் இருக்கிறது. வியாசர்பாடிப் பிள்ளைகள் காற்றடித்து வைத்த பந்தை அளந்து, அதைக் காலிப் பந்து என்று நினைத்து மறுபடி பம்ப் அடித்தது போல ஆகிவிட்டது. அழுத்தமில்லாத வடிவத்தை முதலில் தேடுங்கள். அழுத்தம் ஏற்றியபின் ஒவ்வொரு நோடும் (மெஷ் புள்ளியும்) ஸ்கேனிலிருந்து எவ்வளவு விலகியதோ, அதைத் தொடக்க வடிவத்தில் கழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். விலகல் ஒரு மைக்ரானுக்குக் கீழே வரும்வரை இதையே செய்யுங்கள். அப்புறம் அழுத்தம், அதன் பிறகுதான் ரிங்.

ராயபுரம் ஆப்டோமெட்ரி:
ரிங்கைத் திசுவோடு ஒட்டிவிட்டீர்களா? ஆபரேஷனில் லேசரால் சுரங்கம் போட்டு அதற்குள் நுழைப்பார்கள், ஒட்டுவதில்லை. வழுக்குகிற மாதிரி கான்டாக்ட் கொடுங்கள். ரிங் பிஎம்எம்ஏ பிளாஸ்டிக், கார்னியாவைவிடப் பல ஆயிரம் மடங்கு விறைப்பு. அதை வளையாத பொருளாகவே எடுத்துக்கொள்ளலாம்.

தண்டையார்பேட்டை மாணவன்:
ஒட்டித்தான் வைத்திருந்தேன் சார், மாற்றிவிட்டேன். ஐந்தாவது சுற்றில் விலகல் 0.8 மைக்ரான். ரிங் வைத்தபின் ஆரம் 7.0 மி.மீ., 48.2 டயாப்டர்! மனசார நன்றி. தங்கையிடம் இந்தப் படத்தைக் காட்டலாமா அக்கா?

பெரம்பூர் அக்கா:
வேண்டாம் தம்பி. வடிவம் அவள் கண்ணுடையதே என்றாலும், விறைப்பு எண்கள் நீங்கள் கட்டுரைகளிலிருந்து எடுத்தவை. கார்னியாவின் நார்கள் அவள் கண்ணில் எப்படி ஓடுகின்றன என்றும் ஸ்கேன் காட்டாது. ரிங் வைப்பதா என்று அவளுடைய டாக்டர் சொல்லட்டும். கண்ணைக் கசக்குகிற பழக்கம் இருந்தால், அதை மட்டும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.