குட்டைக் குழல் துப்பாக்கி: தோள் தப்பியது, காது மாட்டியது

மேலூர்க்காரன்:
மாட்டுத்தாவணி டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான்: "குழல் குட்டையா இருந்தா உதை ஜாஸ்தியாண்ணே?" அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

படையில் நான் முதலில் தூக்கியது எஸ்எல்ஆர் ரைஃபிள். அதன் 7.62 மி.மீ. ரவை தோளில் ஊதாத் தழும்பு வைக்காமல் விடாது. அப்புறம் வந்த இன்சாஸ் ரைஃபிளின் ரவை 5.56 மி.மீ., அதோடு ஒப்பிட்டால் விளையாட்டுச் சாமான். பல வருஷம் கழித்து அமெரிக்கர்களோடு ஒரு கூட்டுப் பயிற்சியில் அவர்களுடைய எம்4 கைக்கு வந்தது, அதுவும் 5.56 ரவைதான். குழல் 14.5 அங்குலம்தான். தோளில் லேசாக ஒரு தட்டு, அவ்வளவே. ஆனால் பக்கத்தில் படுத்திருந்தவன் சுட்டபோது கன்னத்தில் யாரோ காற்றாலேயே அறைந்த மாதிரி இருந்தது. புழுதி கிளம்பி வாய்க்குள் போனது.

காரணம் எளிது. 5.56 ரவை 20 அங்குலக் குழலுக்கென்று பிறந்தது. அதில் குண்டு நொடிக்குச் சுமார் 950 மீட்டர் வேகத்தில் போகும், 14.5-இல் 900-ஐ ஒட்டி இறங்கிவிடும். குழலைக் குறைக்கக் குறைக்க, குண்டு குழல் வாசலைத் தாண்டும் நேரத்தில் பின்னால் இருக்கும் அழுத்தம் அதிகமாகவே இருக்கும். அந்தச் சூடான வாயு வெளிக்காற்றோடு கலந்து மறுபடி தீப்பிடிக்கும். வெளிச்சம் அது. சத்தம் அந்த அழுத்தம்.

அன்று காதில் பஞ்சுதான் உருட்டி வைத்திருந்தேன். இடது காதுப் பஞ்சு எப்போது விழுந்ததென்றே தெரியாது. வலது தோளில் வைத்துச் சுடுபவனுக்கு இடது காதுதான் குழல் பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு மேகசின் முடிந்து எழுந்தபோது கொய்ங் என்று ஒரு சத்தம். மூன்று நாளில் போய்விடும் என்றார்கள்.

ரிசர்வ்லைன் மாமா:
தம்பி, குட்டை என்பதால் மட்டும் இல்லை. எங்கள் 9 எம்எம் கார்பைன் குழல் 8 அங்குலம்கூட இல்லை, ஆனாலும் அடங்கிய சத்தம்தான். பிஸ்டல் ரவை, வெடிமருந்து கொஞ்சம், அதுவும் சட்டென்று எரிந்து முடிகிற மருந்து. ரைஃபிள் ரவையைக் குட்டைக் குழலில் போடுவதுதான் வம்பு.

ஒரு ராத்திரிப் பயிற்சியில் ஃப்ளாஷ் ஹைடர் (குழல் முனையில் ஒளியை அடக்கும் மூடி) தேய்ந்துபோன துப்பாக்கி ஒன்று என்னிடம் வந்தது. முதல் ரவுண்டுக்கே கண் முன்னால் பச்சையும் சிவப்புமாகப் புள்ளி. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். கெட ஒரு ரவுண்டு போதும். டார்கெட் எங்கே என்று பக்கத்து ஆளிடம் கேட்டுத்தான் மிச்சத்தைச் சுட்டேன். மார்க் என்ன என்று கேட்காதீர்கள்.

பேரையூர் தம்பி:
என்சிசியில் .22 சின்ன ரைஃபிள் மட்டும்தான் சுட்டிருக்கேன் அண்ணே. ரவையை மாற்றினால் வெளிச்சம் குறையுமா?

மேலூர்க்காரன்:
குறையும். ஒளியை அடக்க மருந்தில் பொட்டாசியம் உப்பு சேர்ப்பார்கள். சீக்கிரம் எரிகிற மருந்தும் உதவும். .300 பிளாக்அவுட் என்று ஒரு ரவை இருக்கிறது, ஏறக்குறைய 9 அங்குலக் குழலை மனதில் வைத்தே செய்தது. வியட்நாமில் 10 அங்குலக் குழலோடு போன எக்ஸ்எம்177 என்ற அமெரிக்கக் குட்டைத் துப்பாக்கியில், சத்தத்தையும் ஒளியையும் அடக்க முனையில் நீளமான மாடரேட்டர் மாட்டியும் போதாமல், பிறகு குழலை 11.5 ஆக்கினார்கள். உதையைக் குறைக்கிற மசில் பிரேக்கும் உண்டு. அது வாயுவைப் பக்கவாட்டில் தள்ளும். சுடுபவன் தோளுக்குச் சுகம், பக்கத்தில் படுத்திருப்பவன் காதுக்குக் கேடு.

உசிலம்பட்டி 12 போர்:
உதை பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு தடவை எங்கப்பாவின் டபுள் பேரலைப் பிடித்துப் பார்க்கணும். பன்றி ஓடிவிட்டது, நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

பேரையூர் தம்பி:
😂 மேலூர் அண்ணே, அந்தக் கொய்ங் போச்சா?

மேலூர்க்காரன்:
இல்லை. 140 டெசிபலைத் தாண்டினால் ஒரே ஒரு வெடிகூடக் காதைக் கெடுக்கும், ரைஃபிள் 160-ஐத் தொடும் என்று காது டாக்டர் பிற்பாடு விளக்கினார். பஞ்சு அதற்குக் காணாது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று ஒரு அதிர்வேட்டு போட்டால் எனக்கு அன்று முழுக்க இரைச்சல்தான். வீட்டில் இப்போதெல்லாம் என் வலது பக்கமாக வந்து நின்றுதான் பேசுகிறார்கள்.