ஆயுதம் தூக்கினவர் போர் வேண்டாமெண்டு கதைக்க வரும்போது: வன்னிச் சந்திப்புகளில் கண்டவை

கனகராயன்குளத்தான்:
முன்னாள் போராளிகளும், சில இடங்களில் தெற்கிலிருந்து வந்த முன்னாள் படையினரும் இளம் ஆக்களோடு இருந்து போருக்கு எதிராகக் கதைக்கும் சந்திப்புகளில் கண்டதை எழுதுங்கோ. ஆர் வந்தவை, எந்த ஊர் எண்ட விபரம் வேண்டாம். எது சரிவந்தது, எது பிழைச்சது, ஏன் பிழைச்சது எண்டது காணும். நான் தொடங்கிவைக்கிறன்.

20 பேருக்கு மேல் கூப்பிடாதேங்கோ. 60 கதிரை போட்டால் ஒலிவாங்கி வேணும். அது கையில வந்தால் மனுசன் மேடைப் பேச்சுக்குப் போயிடுவார், பிறகு திருப்பி எடுக்கேலாது. வட்டமாகக் கதிரை, கதைக்கிறவை ரெண்டு பேர், ஆளுக்கு 15 நிமிசம்.

மே 18ஐயும் நவம்பர் 27ஐயும் ஒட்டின கிழமைகளை விடுங்கோ. அது போரில செத்தவைக்கு விளக்கேத்துற நாள். அந்த நேரம் போர் வேண்டாமெண்ட கதையைக் கொண்டுபோனால், செத்தவையைக் குறை சொல்ல வந்த மாதிரித்தான் தாய்மாருக்குக் கேட்கும். காலபோக அறுவடை நேரமும் சரிவராது, ஒருத்தரும் வயலை விட்டு வராயினம்.

ஆக்களைச் சேர்க்கிறதிலதான் பெரிய பிழை நடக்குது. 1990களில் தானாக இயக்கத்துக்கு (புலிகளுக்கு) போனவரையும், கடைசி வருசங்களில் வீட்டுக்கு ஒருத்தர் எண்டு பிடிச்சுக்கொண்டு போகப்பட்டவரையும் ஒரே வட்டத்தில இருத்துவினம். முதலாமவர் கதைச்சு முடிய ரெண்டாமவர் வாயே திறக்கமாட்டார். பிள்ளையைப் பங்கருக்குள்ள ஒளிச்சு வைச்ச தாய் ஒராள் அங்கை இருந்தால் முழு வட்டமும் உறைஞ்சு போகும். ரெண்டு நாளாகப் பிரியுங்கோ. ரெண்டு பேரும் போருக்கு எதிராகத்தான் கதைக்கினம், ஆனால் ஒருத்தற்றை கதை மற்றவற்றை கதையை மூடிப்போடும்.

அடுத்தது வரவுத் தாள். காசு தாற நிறுவனம் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் எல்லாம் கேட்கும். தலைக்கணக்கு மட்டும்தான் தருவம் எண்டு முதலே எழுத்தில வாங்குங்கோ. பஸ் காசுக்குக் குடுக்கிற பற்றுச்சீட்டிலயும் ‘முன்னாள் போராளி’ எண்ட சொல் வரக்கூடாது. 1979இல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தால உள்ளுக்குப் போய் வந்த சனத்துக்கு, ஒரு தாளில பெயர் கிடக்கிறதெண்டால் என்னெண்டு விளங்கும். மண்டபம் எடுக்கிற கடிதம் சனசமூக நிலையத்தின்ர பெயரில போகட்டும். சிவில் உடுப்பில வந்து விசாரிக்கிறவைக்கு மறுமொழி சொல்ல ஒராள் மட்டும் நில்லுங்கோ. மூண்டு பேர் மூண்டு விதமாகச் சொன்னால் அடுத்த நாள் கதைச்சவற்றை வீட்டு வாசலில மோட்டார் சைக்கிள் நிக்கும்.

மாங்குளம் சந்தி:
சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிமாற்றும் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

15 நிமிடப் பேச்சு மொழிமாற்றத்தோடு அரை மணித்தியாலம் ஆகும். இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசவிட்டால் மொழிபெயர்ப்பாளர் சுருக்கத்தான் செய்வார். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது அந்த மனிதர் தயங்கின இடம். அந்தத் தயக்கத்தைக் கேட்கத்தான் இங்குள்ள சனம் வந்திருக்கிறது.

சந்திப்புக்கு முந்தின நாள், தெற்கிலிருந்து பேச வருபவரோடு இருந்து சொற்களைப் பாருங்கள். ‘ரணவிருவா’ என்ற சொல்லைத் தெற்கில் பஸ்ஸிலும் கடையிலும் சாதாரணமாகச் சொல்வார்கள், அவருக்கும் வாய்ப்பழக்கத்தில் வந்துவிடும். இங்கே ‘போர் வீரர்’ என்று மாற்றிச் சொன்னால் பின்வரிசை எழும்பிப் போகும். ‘படையில் இருந்தவர்’ போதும். கடைசிக் கட்டப் போரை அரசு ‘மானுஷீய மெஹெயும’, மனிதாபிமான நடவடிக்கை என்றுதான் சொன்னது. அவருக்கும் அந்தப் பெயர்தான் பழக்கம். அதைச் சொல்லாமல் மாதத்தையும் இடத்தையும் சொல்லச் சொல்லுங்கள்: ‘2009 பெப்ரவரி, புதுக்குடியிருப்பு.’ ‘பாதுகாப்பு வலயம்’ என்ற சொல்லும் அப்படித்தான். 2009 ஜனவரியில் அந்தப் பெயரோடு அறிவித்த சுதந்திரபுரத்திலும் உடையார்கட்டிலும் செல் விழுந்து செத்தவர்களின் ஆட்கள் எதிரே இருப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எதையும் மென்மையாக்கக்கூடாது. வந்தவர் ‘சுட்டேன்’ என்று சொன்னால் ‘சுட்டேன்’தான், ‘சூடு நடந்தது’ இல்லை. இதைச் செய்ய மனமில்லாதவர் அந்தக் கதிரையில் இருக்கவேண்டாம்.

பூநகரிக் காற்று:
உடம்புப் பக்கத்தை ஒருத்தரும் யோசிக்கிறதில்லை.

செல் வெடிச்ச இடத்துக்குக் கிட்ட நிண்டவைக்கு மெல்லிய, உயர்ந்த சத்தம்தான் முதலில கேளாமல் போகும். பிள்ளைகளின்ர குரல் அந்த வகை. கேள்வி விளங்காமல் அவர் பேசாமல் இருப்பார், பெடியள் அதைக் கோபம் எண்டு நினைப்பினம். எந்தக் காது நல்லது எண்டு முதலே கேட்டு, தடித்த குரல் உள்ள ஒராளை அந்தப் பக்கம் இருத்திக் கேள்வியை வாசியுங்கோ.

தொடைக்கு மேல கால் போனவையைப் பாயில இருத்தாதேங்கோ, கைபிடி வைச்ச கதிரை வேணும். பின்னேர வெக்கைக்கு மிஞ்சின கால் வீங்கிச் செயற்கைக் கால் இறுகும். கழட்டி வைக்கிறதுக்கு மறைப்பான இடம் ஒண்டு வேணும். மண்டபத்து மலசலகூடம் குந்துற வகையெண்டால் கொமட் கதிரை ஒண்டு இரவல் எடுங்கோ. இது இல்லாததால தண்ணி குடிக்காமல் இருந்து தலைசுத்தி விழுந்தவையும் இருக்கினம்.

ஆறு மணிக்கு முதல் முடியுங்கோ. பொழுதுபட்டால் வயலில யானையைக் கலைக்க வெடி போடுவினம், தகரக் கூரைக்குக் கீழ அது செல் சத்தம்தான். முகமாலைப் பக்கமெண்டால் எடுத்த மிதிவெடிகளை அழிக்கிற நாளையும் கேட்டு வையுங்கோ.

கதைச்சு முடிஞ்சு போறவரைத் தனிய பஸ் ஏத்தாதேங்கோ. அண்டு இரவு நித்திரை வராது. அடுத்த நாள் காலமை ஒரு அழைப்பு, மூண்டாம் நாள் இன்னொண்டு. நித்திரையில்லாமல் கிழமை தாண்டினால் மாவட்ட வைத்தியசாலையில உளநலப் பிரிவு இருக்கு, 1926 எண்ட உளநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். இன்னுமொண்டு: உடம்பில செல் துண்டு இருக்கிற ஆரையும் எம்ஆர்ஐ எடுக்க அனுப்பினால், துண்டு இருக்கிறதைப் படம் எடுக்கிறவருக்கு முதலே சொல்லவேணும். காந்தம் இரும்பை இழுக்கும். பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோட கொண்டுபோங்கோ.

நெடுங்கேணி:
1971 ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில், வியட்னாமிலிருந்து திரும்பின படையினர் நூறு பேருக்கு மேல் மூன்று நாள் சாட்சி சொன்னார்கள். சொன்னவர் உண்மையாகவே படையில் இருந்தவர் என்று காட்ட விடுவிப்புப் பத்திரம் கேட்டார்கள். அதைப் பார்த்து இங்கேயும் ‘புனர்வாழ்வுச் சான்றிதழை (போருக்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுபட்ட போராளிக்குக் கொடுத்த தாள்) காட்டட்டும்’ என்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அங்கே அந்தப் பத்திரம் அவரைக் காப்பாற்றியது, இங்கே மாட்டிவிடும். அந்தச் சான்றிதழ் இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

நமக்குப் பொருந்துவது இஸ்ரேலில் 2004இல், ஹெப்ரோனில் பணிபுரிந்த படையினர் தொடங்கின ‘மௌனத்தைக் கலைத்தல்’ அமைப்பின் முறை. பெரும்பாலான சாட்சியங்களில் பெயர் இருக்காது. சொன்னதை அதே இடத்தில் நின்ற மற்றவர்களின் பேச்சோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். அது நேரம் எடுக்கும் வேலை, ஆனால் ஒருத்தருடைய அடையாள அட்டையும் மேசைக்கு வராது.

விசுவமடு ரீச்சர்:
பிள்ளைகளின் முதல் கேள்வி எப்போதும் ‘எத்தனை பேரைச் சுட்டனீங்கள்?’ இரண்டாவது, என்ன துவக்கு. பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் விளையாடுகிற பெடியளுக்கு ஆயுதத்தின் பெயர் காதில் விழுந்தால் கண் மினுங்கும். அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் சாகசக் கதையாகத்தான் கேட்பார்கள். அதனால் ஆயுதத்தின் பெயரும் படையணியின் பெயரும் வேண்டாம் என்று கதைக்கிறவரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன சொல்லலாம் என்று கேட்டால், காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போவதைச் சொல்லச் சொல்லுங்கள். 60 கிலோ உடம்பு, சாரத்தில் கட்டின தடி, நாலு பேர், மாரிச் சேறு, இருட்டு, டோர்ச் அடிக்கேலாது, நூறு அடிக்கு ஒருக்கால் தோள் மாற வேண்டும், அவர் தண்ணி கேட்பார், வயிற்றுக் காயமெண்டால் குடுக்கேலாது. இந்த இடம் வரும்போது கதிரைச் சத்தம் நிற்கும். ‘போர் கூடாது’ என்று பத்துத்தரம் சொன்னாலும் நிற்காது.

கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கி, பத்து நிமிட இடைவேளை விட்டுக் கதைக்கிறவரிடம் கொடுங்கள். விரும்பினதை அவரே எடுக்கட்டும், விட்டதற்குக் காரணம் கேட்கக்கூடாது. பிளேன்டீயும் வாய்ப்பனும் அந்த இடைவேளையில்தான். முடிவில் கொடுத்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், அவர் தனியே நிற்பார்.

கனகராயன்குளத்தான்:
ரீச்சர், அந்தச் சீட்டுகளைப் பிறகு என்ன செய்யிறது?

விசுவமடு ரீச்சர்:
பிள்ளைகளின் கையெழுத்து இருக்கிறது, தம்பி. எண்ணிப் பார்த்து, எல்லாரும் நிற்கும்போதே தேத்தண்ணி வைத்த அடுப்பில் போட்டுவிட வேண்டும். 20 கொடுத்தால் 20 திரும்ப வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடாமல் மண்டபத்தைப் பூட்டவேண்டாம்.