வெயில்ல நிக்கிற வண்டிக்கு வேக்ஸா, சீலன்ட்டா?

கேள்வி (காட்பாடி):
நாள் முழுக்க வெயில்லதான் பார்க்கிங். எது போடலாம்? கையால போட்டா போதுமா, பாலிஷர் மெஷின் வேணுமா?

பதில் 1:
வேலூர் வெயிலுக்கு சீலன்ட்தாங்க, அதாவது பெயின்ட்டைக் காக்கிற செயற்கைப் பூச்சு. கார்னாபா வேக்ஸ் (பனை வகை இலையில எடுக்கிற மெழுகு) மினுமினுப்பு தனி அழகுதான், ஆனா வெளியில நிக்கிற வண்டியில சீக்கிரம் போயிடும். மெஷின் வேண்டாம், அது கீறல் எடுக்கத்தான். ஃபோம் அப்ளிகேட்டர் (பூசுற பஞ்சு) போதும்.

வாஷ் பண்ணித் துடைச்சதும் விரல்ல பாலித்தீன் கவர் மாட்டி பானெட்டைத் தடவுங்க. சொரசொரன்னு இருந்தா முதல்ல கிளே பார் (ஒட்டின அழுக்கை எடுக்கிற களிமண் மாதிரி கட்டி) தேய்ங்க.

ஒரு பேனலுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு சீலன்ட். அவ்வளவுதான், அதிகம் போட்டா துடைக்கும்போது கோடு கோடா நிக்கும். பூசிக் கொஞ்சம் காயவிட்டு, அது மேல விரலால ஒரு இழுப்பு இழுங்க. பிசுக்கு இல்லாம சுத்தமா வந்தா மைக்ரோஃபைபர் துணியால துடைக்கலாம்.

பதில் 2:
காலையில 7 மணிக்குள்ள, நிழல்ல பண்ணுங்க. தகடு சுட்டா சீலன்ட் உடனே காய்ஞ்சு ஒட்டிக்கும். கறுப்பு பிளாஸ்டிக் ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, சீலன்ட் அதுல பட்டா வெள்ளைக் கறை.

நம்ம ஊர் போர் தண்ணி உப்புத் தண்ணி, வாஷ் பண்ணிட்டு தானா காயவிட்டா வெள்ளைத் திட்டு விழும். திட்டு இருந்தா வினிகரும் தண்ணியும் சரிபாதி, ஒரு நிமிஷம் வச்சுக் கழுவிட்டு அப்புறம் சீலன்ட்.

கேள்வி கேட்டவர்:
சீலன்ட் மேல வேக்ஸ்?

பதில் 1:
போடலாம், ஒரு நாள் விட்டு. தலைகீழா வேண்டாம், வேக்ஸ் மேல சீலன்ட் பிடிக்காது.